ரிமோட் அமுக்கியும் லைட் எரியவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அம்மா போன் பண்ணினார். "தம்பி, நீங்க மாட்டிக் குடுத்த ரிமோட்டு அமுக்குனா லைட்டு எரிய மாட்டேங்குது. சுவத்தத் தடவிக்கிட்டே பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்" என்றார். இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். கட்டிலில் இருந்தபடியே லைட் போட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீட்டில் ரிமோட்டே வைத்தோம். உடனே கிளம்பிப் போனேன். ரிமோட்டிலும், அதன் சிக்னலை வாங்கி லைட்டை இயக்கும் ரிசீவரிலும் ஒரு குறையும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேரன், லைட்டை அணைக்கிறேன் என்று சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டான். அந்தச் சுவிட்ச் அணைந்தால் ரிசீவருக்கே கரண்ட் கிடையாது. அப்புறம் ரிமோட் யாரிடம் பேசும்?

பதினைந்து வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். ரிமோட் லைட் சம்பந்தமாக வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நாலைந்து காரணங்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் மாட்யூலை, அதாவது ரிசீவர் அடங்கிய சின்னப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். புதிதும் அதே மாதிரி நின்றுபோகும். அதனால் மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன்னால், அது காட்டும் அறிகுறியைக் கவனியுங்கள்.

தொடங்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. ரிமோட்டில் அணைத்தால் லைட்தான் அணையும், கரண்ட் நிற்காது. போர்டைத் திறக்கும் முன் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்குங்கள். வீட்டில் இன்வெர்டர் இருந்தால் அதுவும் போதாது. மெயினை இறக்கிய மறுநொடியே இன்வெர்டர் தன் லைனுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். இன்வெர்டரையும் அணைத்துவிட்டு, போர்டில் உள்ள ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். வயர் வேலை தெரியாதவர்கள் போர்டைத் திறக்காமல் செய்யக்கூடியவற்றை மட்டும் செய்யுங்கள். அதிலேயே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

முதலில் உங்களுடையது எந்த ரிமோட்?

இது தெரியாமல் எதுவும் நகராது. கையில் இருப்பது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

டிவி ரிமோட் மாதிரி, லைட்டுக்கு நேராகக் காட்டி அமுக்க வேண்டியது இன்ஃப்ரா ரெட். ரிமோட்டின் முனையில் சின்ன எல்இடி ஒன்று வெளியே தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை, பெரும்பாலும் விநாடிக்கு 38,000 தடவை விட்டுவிட்டு அனுப்பும். கையையோ தலையணையையோ குறுக்கே வைத்தால் நின்றுவிடும்.

கார் சாவியில் இருப்பதுபோல் சின்னதாக, எந்தப் பக்கம் காட்டி அமுக்கினாலும் வேலை செய்வது ஆர்எஃப். கடையில் கிடைக்கும் மலிவான ரிமோட் மாட்யூல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். சுவரைத் தாண்டும், ஆனால் இரும்பைத் தாண்டாது.

மூன்றாவது வகை, போன் ஆப்பில் இயங்கும் வைஃபை அல்லது ஜிக்பீ பல்பு. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுபவை. வைஃபை பல்பு நேராக ரவுட்டரோடு பேசும். ஜிக்பீ பல்புக்கு நடுவில் ஹப் என்ற ஓர் இணைப்புப் பெட்டி வேண்டும்.

அறிகுறி: அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் சுவர் சுவிட்சைப் பாருங்கள். மேலே சொன்ன அம்மா வீட்டுக் கதைதான் பாதி வீடுகளில் நடக்கிறது. ரிசீவர் லைட்டின் ஹோல்டருக்குப் பக்கத்திலோ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ இருந்தால், சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அந்தச் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி "அணைக்காதே" என்று எழுதி வைப்பது தற்காலிக வழி. ரிசீவரை சுவிட்ச் போர்டுக்குள்ளேயே வைத்து, சுவர் சுவிட்சை மாட்யூலின் சுவிட்ச் இன்புட்டில் (சுவிட்ச் தட்டியதை மாட்யூலுக்குச் சொல்லும் முனை) கொடுத்துவிடுவதுதான் சரியான வழி. அப்போது சுவிட்சைத் தட்டினாலும் எரியும், ரிமோட்டை அமுக்கினாலும் எரியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் இப்படித்தான் செய்கிறேன். ரிமோட்டை மட்டுமே நம்பி ஒரு லைட்டையும் விடக் கூடாது.

அடுத்து பேட்டரி. ஆர்எஃப் ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் குட்டி பேட்டரி. 23ஏ என்றும் 27ஏ என்றும் இரண்டு வருகின்றன. இரண்டுக்கும் வோல்ட் ஒன்றுதான், உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 23ஏ சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், 27ஏ 8 மில்லிமீட்டர். 23ஏ போட வேண்டிய இடத்தில் 27ஏ போட்டால் உள்ளே ஆடும். அமுக்கும்போது தொட்டுத் தொட்டு விடும். "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல" என்று சொல்பவர்களின் ரிமோட்டை முதலில் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். இந்த பேட்டரியின் தகர உறைக்குள் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எட்டு சின்னப் பட்டன் செல்கள். அதனால்தான் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ரிமோட்டில் ஒரு சிவப்பு எல்இடி மின்னும். அது மின்னுகிறது என்பதற்காக பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். எல்இடிக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், சிக்னல் அனுப்ப அது போதாது. மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

தட்டையான ரிமோட்டில் சிஆர் 2032 இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கடையில் 2025-ஐக் கொடுத்துவிட்டு "இதுவும் மூணு வோல்ட்டுதான்" என்பார்கள். வோல்ட் சரிதான், தடிமன் 0.7 மில்லிமீட்டர் குறைவு. அந்த இடைவெளி போதும், ரிமோட் மக்கர் பண்ண.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தத் தட்டை பேட்டரியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். பின்மூடிக்கு ஸ்க்ரூ இருக்கும் ரிமோட்டையே வாங்குங்கள். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்ஃப்ரா ரெட் ரிமோட் என்றால் சோதனை சுலபம். போனில் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு எதிரே பிடித்து பட்டனை அமுக்குங்கள். திரையில் ஊதாவோ வெள்ளையோ கலந்த ஒரு பொட்டு மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பின் கேமராவில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பின் கேமராவில் இந்த ஒளியை வடிகட்டும் கண்ணாடி பலமாக இருக்கும்.

பேட்டரி புதிது, பொட்டும் மின்னுகிறது, ஆனால் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ரப்பர் பட்டனுக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் பொட்டு தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கேறியிருக்கும். ரிமோட்டைப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பொட்டையும் போர்டையும் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு சமையலறையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு இது அடிக்கடி வரும் நோய்.

அறிகுறி: பக்கத்தில் போனால் எரிகிறது, கட்டிலில் இருந்து எரியவில்லை

புது பேட்டரி போட்டும் இப்படி என்றால், ரிசீவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் கோளாறு. நம் ஊர் வீடுகளில் சுவருக்குள் பதிக்கும் ஸ்விட்ச் பாக்ஸ் பெரும்பாலும் இரும்புத் தகடு. அதற்குள் ஆர்எஃப் ரிசீவரை வைத்தால், ஐந்து பக்கம் இரும்பு மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்பது போலத்தான். சிக்னலுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் பிளேட்.

ரிசீவரில் இருந்து ஒரு மெல்லிய வயர் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். எந்த ஸ்க்ரூவிலும் மாட்டாமல் அந்தரத்தில் இருப்பதால், மாட்டுபவர்கள் பலர் "இது எதுக்கு" என்று நறுக்கிவிடுவார்கள், அல்லது சுருட்டிப் பெட்டியின் அடியில் அமுக்கிவிடுவார்கள். அதுதான் ஆன்டெனா. 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 17 சென்டிமீட்டர் சொச்சம்தான் ஆன்டெனாவின் அளவு. சில மாட்யூல்களில் ஸ்பிரிங் மாதிரி சுற்றி வரும், அது அப்படியே இருக்கட்டும். நேர் வயராக வந்திருந்தால் வெட்டவும் கூடாது, சுருட்டவும் கூடாது. பிளாஸ்டிக் பிளேட்டின் உள்பக்கமாக, மற்ற வயர்களோடு பின்னாமல், ஓரத்தை ஒட்டி வளைத்து டேப் போட்டு நிறுத்துங்கள்.

ஒரு வீட்டில் படுக்கையறைப் பேனல் லைட்டுக்கு இரண்டு மாட்யூல் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பிளேட்டைத் திறந்தேன். கறுப்பு வயர் ஒன்று நாலு விரல்கடை நீளத்துக்கு வெட்டப்பட்டு, பெட்டியின் பின்சுவரில் ஒட்டிக் கிடந்தது. முன்பு போட்டவர் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) மீதி என்று நினைத்திருக்கிறார். அதே மாட்யூலின் ஆன்டெனாவை 17 சென்டிமீட்டருக்கு நீட்டி முன்னால் கொண்டுவந்து விட்டதும், பக்கத்து அறையில் இருந்து அமுக்கினாலும் எரிந்தது.

கவனம்: மலிவான மாட்யூல்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டரால் மட்டுப்படுத்தி அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால் ஆன்டெனா வயரிலும் மெயின் கரண்ட் இருக்க வாய்ப்புண்டு. அதன் மேலுறையை ஒருபோதும் உரிக்காதீர்கள், நுனியை டேப்பால் மூடுங்கள், போர்டுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள்.

பிளேட்டே மெட்டல் ஃபினிஷ் என்றால், அல்லது ரிமோட்டுக்கும் போர்டுக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால், ஆன்டெனா சரியாக இருந்தும் எட்டாது. பீரோவை நகர்த்த முடியவில்லை என்றால் ரிசீவரை லைட் பக்கம் மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: ரிமோட்டில் எரிகிறது, ஆனால் அணைய மாட்டேன் என்கிறது

ஆட்களை அதிகமாகக் குழப்பும் பழுது இது. ஒரே ரிமோட், ஒரே பட்டன், ஒரே தூரம். அணைந்திருக்கும்போது கேட்கிறது, எரிந்துகொண்டிருக்கும்போது கேட்கவில்லை. மாட்யூல் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எரியும் லைட்தான் இங்கே குற்றவாளி. எல்இடி லைட்டுக்குள் ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. மலிவான டிரைவரில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். எரியும் நேரமெல்லாம் அது ரேடியோ இரைச்சலைக் கக்கிக்கொண்டே இருக்கும். ரிசீவர் அதன் பக்கத்திலேயே இருந்தால் ரிமோட்டின் மெல்லிய குரல் அதன் காதில் விழாது. திருவிழா மைக் பக்கத்தில் நின்றுகொண்டு தெருமுனையில் இருந்து கூப்பிடுபவரைக் கேட்பது மாதிரி.

சோதனை: லைட்டை எரியவிட்டு, ரிமோட்டை ரிசீவருக்கு ஓர் அடி தூரத்தில் கொண்டுபோய் அமுக்குங்கள். அணைகிறதா? அப்படியென்றால் இரைச்சல்தான். ஹோல்டரில் மாட்டும் லைட் என்றால் பழைய குண்டு பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் இரைச்சல் கிடையாது. தூரத்தில் இருந்தே அணையும். தீர்வு, ரிசீவரையும் டிரைவரையும் விலக்கி வைப்பது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் இரண்டையும் ஒரே ஓட்டையில் திணிக்காமல் மூன்றடி தள்ளி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆன்டெனா, டிரைவரின் வயர்களுக்கு இணையாகப் படுத்திருக்கக் கூடாது. இதற்கும் அடங்கவில்லை என்றால் டிரைவரை மாற்றுங்கள், மாட்யூலை அல்ல.

பக்கத்தில் போய் அமுக்கியும் அணையவில்லை, ஆனால் "டக்" என்று ரிலே (மாட்யூலுக்குள் லைட்டைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்ச்) சத்தம் மட்டும் கேட்கிறதா? அது வேறு நோய். ரிலேவுக்குள் இருக்கும் இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எல்இடி டிரைவர் எரியத் தொடங்கும் அந்தக் கண நேரத்தில் மட்டும், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புவதற்காக வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஹாலில் பத்துப் பன்னிரண்டு டவுன்லைட்டை ஒரே ரிலேவில் கோர்த்தால் அந்த இழுப்பு மொத்தமும் ஒரே நொடியில் விழும். தீப்பொறியில் முனைகள் உருகி ஒட்டும். "மொத்தமே நூறு வாட்டுதானே, ரிலே 10 ஆம்பியர் ஆச்சே" என்று கணக்குப் போட்டால் கணக்கு சரி, ஆனால் அது ஓடும் நேரக் கணக்கு, தொடங்கும் நேரக் கணக்கு இல்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் ஒட்டியது விடுபடும்தான், ஆனால் மறுபடி ஒட்டும். மாட்யூலை மாற்றுங்கள். லைட்டுகளை இரண்டு மூன்று சேனலாக, அதாவது தனித்தனி ரிலேவில் பிரித்துக் கொடுங்கள்.

அறிகுறி: அணைத்த பிறகும் லைட் மங்கலாக எரிகிறது, அல்லது விட்டுவிட்டு மினுங்குகிறது

இரவில் கண் விழித்துப் பார்த்தால் பல்பு நிலா மாதிரி மங்கலாகத் தெரியும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணம் மூன்றில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதில் ஒன்று ஆபத்தானது.

ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். சுவிட்சும் ரிலேவும் கரண்ட் வரும் ஃபேஸ் வயரைத்தான் துண்டிக்க வேண்டும். சில பழைய வீடுகளில் மாற்றிப் போட்டு நியூட்ரலைத் துண்டிக்கிறார்கள். லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் முழு ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். பல்பு மாற்றும்போது கை பட்டால் ஷாக். லைட்டை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஹோல்டர் முனையை மீட்டரிலோ டெஸ்ட் லேம்பிலோ பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து வயரில் இருந்து தூண்டப்படும் கரண்ட்டுக்கும் அது எரிந்து தொலைக்கும். முழு 230 வோல்ட் காட்டினால் வயரை மாற்றிப் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது காரணம், நியூட்ரல் இல்லாத மாட்யூல். நம் போர்டுகளில் லைட் பாயிண்டுக்கு ஃபேஸ் மட்டும்தான் வரும். நியூட்ரல் நேராக லைட்டுக்குப் போய்விடும். பிளக் பாயிண்ட் இருக்கும் போர்டில் மட்டும் நியூட்ரல் கிடைக்கும். அது இல்லாத போர்டில், நியூட்ரல் வேண்டாத மாட்யூலைப் போட்டுவிடுவார்கள். அந்த மாட்யூல் உயிரோடு இருக்க, லைட் அணைந்திருக்கும்போதும் லைட் வழியாகவே கொஞ்சம் கரண்ட்டை ஓடவிடும். குண்டு பல்புக்கு அது உறைக்காது. 5 வாட் எல்இடிக்கு உறைக்கும். டிரைவரின் கெப்பாசிட்டர் சொட்டுச் சொட்டாக நிரம்பி, நிரம்பியதும் ஒரு மின்னல் அடித்து அணையும். மறுபடி நிரம்பும். சில விநாடிக்கு ஒருமுறை மினுங்குவது இதனால்தான். மாட்யூல் பெட்டியில் பைபாஸ் என்று ஒரு சின்னத் துண்டு கொடுத்திருப்பார்கள். பலர் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதை லைட்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, லைட் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சாதாரண கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடவே கூடாது. வேறு வாங்குவதென்றால் மெயின் லைனுக்கென்றே செய்த எக்ஸ்2 வகை என்று கேட்டு வாங்குங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், பக்கத்துப் பிளக் போர்டில் இருந்து ஒரு நியூட்ரல் இழுத்து, நியூட்ரல் உள்ள மாட்யூலைப் போடச் சொல்வேன். அரைநாள் வேலை, ஆனால் பிறகு தொல்லை இல்லை.

மூன்றாவது, ஒரே பைப்பில் நீளமாக ஓடும் வயர்கள். கரண்ட் ஓடும் வயருக்கு ஒட்டியே அணைந்த லைட்டின் வயரும் ஓடினால், தொடாமலே மைக்ரோ ஆம்பியர் அளவில் கரண்ட் தாவும். மாடி லைட், கேட் லைட் போன்ற தூரத்து லைட்டுகளில் இது தெரியும். இதற்கும் அதே பைபாஸ்தான் மருந்து.

அறிகுறி: யாரும் தொடாமலே எரிகிறது, அணைகிறது

பழைய வகை ரிமோட்டுகளில், பிடி 2262 என்ற சிப் இருப்பவற்றில், போர்டில் வரிசையாக எட்டு இடங்களில், ஒவ்வொன்றையும் பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ ஈயத்தால் இணைத்து, அல்லது இணைக்காமல் விட்டு ரகசியக் குறியீட்டை அமைப்பார்கள். மொத்தம் 6,561 விதமாக அமைக்கலாம். ஆனால் எந்த இடத்திலும் ஈயம் வைக்காமல் அப்படியே விற்றுவிட்டால் எல்லா ரிமோட்டுக்கும் ஒரே குறியீடு. அடுத்த வீட்டுக்காரரும் அதையே வாங்கியிருந்தால், அவர் தன் கேட் லைட்டைப் போடும்போது உங்கள் ஹால் லைட்டும் எரியும். ரிமோட்டையும் ரிசீவரையும் திறந்து, இரண்டிலும் ஒரே மாதிரி இரண்டு மூன்று இடங்களில் ஈயம் வையுங்கள். இப்போது வருவதில் பெரும்பாலும் ஈவி 1527 போன்ற சிப். ஒவ்வொன்றுக்கும் ஆலையிலேயே தனி எண், பத்து லட்சத்துக்கு மேல் எண்கள் உண்டு. மோதுவது அரிது.

அப்படியும் தானாக எரிந்தால் ரிசீவரின் நினைவை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொடுங்கள். பல மாட்யூல்களில் கற்கும் பட்டனை எட்டுப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் பழைய ரிமோட் எல்லாம் மறந்துபோகும். பிறகு ஒருமுறை தட்டினால் அமுக்கியிருக்கும்வரை மட்டும் எரிவது, இரண்டுமுறை தட்டினால் அமுக்க அமுக்க மாறுவது என்று தட்டும் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பழகும். மாட்யூலுக்கு மாட்யூல் இந்த எண்ணிக்கை மாறும். பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள். "கையை எடுத்தால் அணைஞ்சிடுது" என்பவர்கள் இந்தத் தட்டலில்தான் தவறியிருப்பார்கள்.

வீட்டில் உள்ள எல்லா ஆர்எஃப் ரிமோட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போனால், மெத்தைக்கடியில், சோஃபா இடுக்கில் தேடுங்கள். ஏதோ ஒரு ரிமோட்டின் பட்டன் அமுங்கியபடியே கிடக்கும். அது ஓயாமல் கத்திக்கொண்டிருக்க, மற்ற ரிமோட்டின் பேச்சு எடுபடாது.

அறிகுறி: கரண்ட் போய் வந்ததும் எல்லா லைட்டும் எரிகிறது

நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடே கல்யாண வீடு மாதிரி ஜொலித்தால் பழுது இல்லை. கரண்ட் திரும்பும்போது எரிவதா, அணைந்தே இருப்பதா, முன்பிருந்த நிலைக்குப் போவதா என்று மூன்று அமைப்பு உண்டு. வைஃபை பல்பில் ஆப்பின் செட்டிங்கில் மாற்றலாம். ஆர்எஃப் மாட்யூலில் பெரும்பாலும் மாற்ற முடியாது, வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். படுக்கையறைக்கு அணைந்தே இருப்பது நல்லது. வயதானவர் தூங்கும் அறைக்கு வெளியே நடைவழி லைட்டுக்கு, முன்பிருந்த நிலை நல்லது.

மழைக்காலத்தில் இன்னொன்று வரும். கரண்ட் நாலைந்து தடவை வந்து வந்து போன பிறகு வைஃபை பல்பு கண் சிமிட்ட ஆரம்பிக்கும், ஆப்பில் ஆஃப்லைன் என்று காட்டும். பல பல்புகளில் மூன்று முதல் ஐந்து முறை அணைத்துப் போட்டால், "என்னைப் புதிதாக இணைத்துக்கொள்" என்ற நிலைக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அணைத்தீர்களா, மின்வாரியம் அணைத்ததா என்று பல்புக்குத் தெரியாது. மறுபடி இணைப்பதுதான் வழி. அடிக்கடி கரண்ட் போய் வரும் பகுதியில் இந்த பல்புகளை இன்வெர்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.

இணைக்கும்போது பல்பு ரவுட்டரைக் கண்டுபிடிக்காவிட்டால்: ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். பல்புகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸை அறியாதவை. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வையும் சேர்த்து அனுமதியுங்கள். ரவுட்டரின் வைஃபை சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள்.

அறிகுறி: இன்வெர்டரில் ஓடும்போது மட்டும் தகராறு

கரண்ட் போனால் லைட்டுக்கு இன்வெர்டர் கரண்ட் கிடைக்கிறது, ஆனால் ரிமோட் செத்துவிடுகிறது என்றால் வயரைப் பாருங்கள். மாட்யூலுக்கான ஃபேஸைப் பக்கத்துப் பிளக் பாயிண்டில் இருந்து எடுத்திருப்பார்கள். அது ஈபி லைன், அதாவது மின்வாரியத்தின் நேரடி லைன். லைட்டோ இன்வெர்டர் லைன். கரண்ட் போகும்போது மாட்யூலும் போய்விடுகிறது. மாட்யூலையும் இன்வெர்டர் லைனுக்கு மாற்றுங்கள். ஒரே போர்டில் இரண்டு ஃபேஸ் நிற்கும் இந்த மாதிரி இடங்களில்தான் எலக்ட்ரீஷியன்கள் அடிவாங்குகிறார்கள்.

மாட்யூல் சூடாகிறது, உறுமுகிறது, ஆறு மாதத்தில் செத்துவிடுகிறது என்றால் இன்வெர்டர் ஸ்கொயர் வேவா (கரண்ட் அலை வளைவாக இல்லாமல் சதுரமாக வருவது) என்று பாருங்கள். முன்னே சொன்ன கெப்பாசிட்டர் வகை மாட்யூல்கள் மின்வாரியக் கரண்ட் வரும் வளைவான சைன் வேவுக்காகக் கணக்கிட்டவை. ஸ்கொயர் வேவின் செங்குத்தான ஏற்ற இறக்கத்தில் அந்தக் கெப்பாசிட்டர் வழியாகக் கூடுதல் கரண்ட் பாயும். சைன் வேவ் இன்வெர்டருக்கு மாறுங்கள், அல்லது தனி பவர் சப்ளை சர்க்யூட் உள்ள மாட்யூலாக வாங்குங்கள்.

அறிகுறி: மாடிப்படி லைட் சொன்னபடி கேட்கவில்லை

கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூவே இருக்கும் லைட்டுக்கு, வரிசையில் ஒரு ரிலேவைக் கோர்த்துவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். ரிலே அணைந்திருந்தால் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரியாது. படியில் இருட்டில் கால் தவறுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இதை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

சரியான முறை இரண்டு. மாட்யூலுக்கு நிரந்தரமாக ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்து, டூவே சுவிட்சுகள் இரண்டையும் மாட்யூலின் சுவிட்ச் இன்புட்டுக்கு மட்டும் சேதி சொல்லும்படி மாற்றுவது ஒன்று. எந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் திரும்பினாலும் லைட் நிலை மாறும். அந்த இன்புட்டில் ஃபேஸ் கொடுக்கலாமா கூடாதா என்பதைத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தவறினால் புகை வரும். இன்னொன்று, காமன் (பொது முனை), என்ஓ (ரிலே இயங்காதபோது திறந்திருப்பது), என்சி (இயங்காதபோது சேர்ந்திருப்பது) என்று மூன்று முனையும் தனியாக வெளியே இருக்கும் ரிலேவை வாங்கி, டூவே சுவிட்சுகளில் ஒன்றின் இடத்தில் அதை வைப்பது. மற்றொரு சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும்.

அறிகுறி: போர்டுக்குள் டக்டக் சத்தம், கருகிய வாடை

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் ரிலேவின் சுருளுக்குப் பிடிமானம் போதாமல், பிடிப்பதும் விடுவதுமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். மீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 230-க்குப் பதில் 160, 170 என்று காட்டினால் மாட்யூலைக் குறை சொல்லிப் பயனில்லை, மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் தட்டினால் மாட்யூலின் கெப்பாசிட்டர் சோர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம். மெயினையும் இன்வெர்டரையும் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் லூஸான ஸ்க்ரூ, அல்லது முனைகளுக்கு நடுவே மாட்டிய பல்லி, அல்லது எறும்புப் புற்று இருக்கும். வயர் வரும் பைப்பின் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் எறும்பும் பல்லியும் வருவது குறையும்.

வேலை முடிந்து பிளேட்டை மூடும் முன், பிளேட்டின் உள்பக்கத்தில் பர்மனன்ட் மார்க்கரால் மூன்று விஷயங்களை நான் எழுதிவிடுவேன்: மாட்டிய தேதி, ரிமோட்டைக் கற்றுக்கொடுக்க எத்தனை தட்டல், மாட்யூலுக்கு ஃபேஸ் எந்த லைனில் இருந்து வருகிறது. அந்த அம்மா வீட்டில் வெளிப்பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன். பேட்டரி 23ஏ, ஒவ்வொரு பொங்கலுக்கும் மாற்றவும் என்று.